கை கட்டாமல் தொழுத பிரயாணி

பூமியில் பிரயாணம் செய்து பார்க்கும்படி அல்லாஹு தஆலா தன் திருமறையில் பல இடங்களில் ஏவுகிறான். நம் முன்னோர்கள் அந்த ஏவலை ஏற்றுக் கப்பலேறினார்கள். இன்றும் நம் ஊர்களில் வீட்டுக்கொருவர் சவூதியிலோ, துபாயிலோ, மலேசியாவிலோ இருக்கிறார். போகிறவர் பெட்டி நிறையச் சாமான்களைக் கட்டிக்கொண்டு போகிறார். பெட்டியில் அடங்காத ஒன்றையும் கூடவே கொண்டு போகிறார். அந்த நாட்டார் இப்படித்தான் இருப்பார்கள், நம் ஊரில் நடப்பதுதான் மார்க்கம், மற்றதெல்லாம் கோளாறு என்று இங்கிருந்தே முடிவு செய்துகொண்டு போகும் அபிப்பிராயம்தான் அது.

பிறரைச் சொல்வானேன்? இந்த ஏழை மதரஸாவில் ஓதி முடித்துச் சில காலம் வளைகுடா நாடொன்றில் இமாமத் செய்யப் போனபோது, முதல் நாள் அஸர் தொழுகையில் என் பக்கத்தில் நின்றவர் தக்பீர் கட்டிய பின் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுக் கொண்டு நின்றார். தொழுது முடியும்வரை என் உள்ளம் தொழுகையில் இல்லை. இவர் யாரோ, எந்தக் கூட்டத்தாரோ என்று மனம் அலைந்தது. ஸலாம் கொடுத்த பின் அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு விசாரித்தால் அவர் மௌரிடானியா நாட்டுக்காரர். குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ். மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர். நான்கு மத்ஹபுகளைப் பற்றி ஏழாண்டுகள் கிதாபு ஓதியவன் நான். மாலிகிகள் ஃபர்ளான தொழுகையில் கைகளைத் தொங்கவிடுவார்கள் என்பதைக் கிதாபில் படித்தும் இருக்கிறேன். கண்ணால் கண்டபோது கிதாபு மறந்து ஊர் முன்னால் வந்து நின்றுவிட்டது. அன்று இரவு வெட்கத்தோடு நினைவுக்கு வந்தவர்தான் இப்னு பதூதா (ரஹ்).

அவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் காலத்தில் வந்த மூர் நாட்டு யாத்ரீகர் என்று இரண்டு வரி இருக்கும். அவர்கள் ஒரு ஃபகீஹ், பல தேசங்களில் காழியாக இருந்தவர்கள் என்பதை அந்த இரண்டு வரியில் காண முடியாது. ஓர் ஆலிம் தன் ஊரின் பழக்கத்தைத் தோளில் சுமந்துகொண்டு உலகத்தைச் சுற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அவர்களுடைய வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. தம் சறுக்கல்களையும் மறைக்காமல் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மொரோக்கோ நாட்டின் வட கோடியில், கடலுக்கு அப்பால் ஸ்பெயின் தெரியும் தன்ஜா நகரில், ஹிஜ்ரி 703 ரஜப் மாதத்தில் (கி.பி. 1304) பிறந்தார்கள். இயற்பெயர் முஹம்மது. பெர்பர் இனத்தில் லவாத்தா என்னும் கூட்டத்தைச் சேர்ந்த குடும்பம். காழிகள் பலரைத் தந்த குடும்பம். தன்ஜாவில் எல்லோரும் மாலிகிகள். எனவே மார்க்கச் சட்டம் என்றாலே இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபுதான் என்ற சூழ்நிலையில் வளர்ந்தார்கள்.

ஹிஜ்ரி 725 ரஜப் 2-ல் (1325 ஜூன்) ஹஜ்ஜுக்காகத் தனியே புறப்பட்டபோது வயது 21. தாயும் தகப்பனும் உயிரோடிருந்தார்கள். துணைக்கு ஒருவரும் இல்லை. தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் எதிர்கொண்டு வந்து கூட்டத்திலிருந்த ஒவ்வொருவரையும் ஸலாம் சொல்லித் தழுவினார்கள். இந்த வாலிபருக்கு ஸலாம் சொல்ல ஆளில்லை. யாரும் தம்மை அறியாத ஊரில் நிற்கிறோம் என்ற எண்ணம் வந்ததும் அடக்க முடியாமல் அழுதுவிட்டார்கள். உடன் வந்த ஹாஜி ஒருவர் அதைக் கண்டு, அருகில் வந்து ஸலாம் சொல்லி, ஊருக்குள் நுழையும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். முதன்முதலாக விமானம் ஏறிப் போய் அந்நிய நகரத்தில் இறங்கிய நம் பிள்ளைகளுக்கு இந்த அழுகையை விளக்க வேண்டியதில்லை. தூனிஸிலிருந்து கிளம்பிய ஹாஜிகள் கூட்டத்துக்கே அவர்கள் காழியாக நியமிக்கப்பட்டார்கள் என்பது வேறு விஷயம்!

1326-ல் ஹஜ்ஜை முடித்தார்கள். ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. இராக், பாரசீகம், யமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை என்று சுற்றி, 1330-களின் தொடக்கத்தில் இன்றைய துருக்கி நாடாகிய அனத்தோலியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே நடந்தவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

துருக்கி மொழியில் ஒரு சொல்லும் அவர்களுக்குத் தெரியாது. லாதிக் என்னும் ஊரின் (இன்று தெனிஸ்லி) கடைத்தெரு வழியாகக் குதிரையில் போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று கடைகளிலிருந்து சிலர் இறங்கி ஓடிவந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்தார்கள். இன்னொரு கூட்டம் ஓடிவந்து அவர்களைத் தள்ளிவிட்டுத் தாம் பிடித்தது. வாய்ச்சண்டை முற்றிச் சிலர் கத்தியையும் உருவிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஜர்மியான் என்னும் வழிப்பறிக்காரர்கள் உண்டு என்று முன்னரே கேள்விப்பட்டிருந்ததால், இது அவர்களுடைய ஊர்தான், நம்மைக் கொள்ளையிடத்தான் போட்டி போடுகிறார்கள் என்று நடுங்கிப் போனார்கள். நல்லவேளையாக ஹஜ் செய்து அரபி தெரிந்த ஒருவரை அல்லாஹ் அங்கே அனுப்பினான். அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர் என்பது. அங்கே ஒவ்வோர் ஊரிலும் கைத்தொழில் செய்யும் வாலிபர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்து, பகலெல்லாம் சம்பாதித்ததை மாலையில் ஒன்றாகச் சேர்த்து, ஊருக்கு வரும் முஸாஃபிர்களுக்கு உணவும் இடமும் கொடுப்பார்கள். அதன் தலைவருக்கு அகீ என்று பெயர். முதலில் கடிவாளம் பிடித்தவர்கள் அகீ சினான் என்பவரின் ஆட்கள். தள்ளிவிட்டவர்கள் அகீ தூமான் என்பவரின் ஆட்கள். விருந்தாளி யார் வீட்டுக்கு என்பதுதான் சண்டை! கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்; சினான் கூட்டத்துக்கு விழுந்தது. அந்தத் தலைவரே ஹம்மாமில் உடனிருந்து விருந்தாளிக்குப் பணிவிடை செய்தார். மறுநாள் மற்றக் கூட்டத்தின் விருந்து.

மொழி தெரியாத இடத்தில் கூச்சல் கேட்டால் பயம்தான் முதலில் மொழிபெயர்க்கிறது. அந்த ஹாஜி ஒரு நிமிடம் தாமதித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

அதே நாட்டில் இன்னொரு வேடிக்கை. ஓர் ஊரில் அரபி தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். ஊரார் தங்கள் ஃபகீஹை அழைத்து வந்தார்கள். அவருக்கோ அரபி வராது, பாரசீகம்தான் வரும். விருந்தாளிகள் அரபியில் பேசியதும் ஒன்றும் விளங்கவில்லை. ஊரார் முன்னிலையில் மானம் போகாமலிருக்க அவர் ஒரு யுக்தி செய்தார். இவர்கள் பேசுவது பழங்கால அரபி, எனக்குத் தெரிந்தது புது அரபி என்று பாரசீகத்தில் சொல்லிவிட்டார். அந்த ஊர் அகீ அதை உண்மை என்று நம்பி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஸஹாபாப் பெருமக்களும் பேசிய பழைய அரபியை அல்லவா இவர்கள் பேசுகிறார்கள் என்று சொல்லி, முன்னைவிடப் பன்மடங்கு உபசாரம் செய்தார். இப்னு பதூதா அப்போது அந்தப் பாரசீக வார்த்தைகளை விளங்காமலே மனனம் செய்து வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் பாரசீகம் கற்ற பிறகுதான் விஷயம் புரிந்து கொண்டார்கள். (நம் ஆலிம்கள் இந்தக் கதையைப் படித்துச் சிரிக்கும்போது கொஞ்சம் எச்சரிக்கையுடன் சிரிப்பது நல்லது.)

இனி நம் தலைப்புக்கு வருவோம். கருங்கடல் கரையிலுள்ள ஸனூப் (ஸினோப்) துறைமுகத்தில் கப்பலுக்காகச் சுமார் நாற்பது நாட்கள் தங்க நேர்ந்தது. அந்த ஊரார் அனைவரும் ஹனஃபிகள். மாலிகி என்று ஒரு மத்ஹபு எப்படித் தொழும் என்பதை அவர்கள் கண்டதில்லை. இவர்களோ பள்ளிவாசலில் கைகளைத் தொங்கவிட்டுத் தொழுதார்கள். அவ்வூரில் சிலர் இராக்கிலும் ஹிஜாஸிலும் ஷியாக்களில் ராஃபிளீ கூட்டத்தார் அவ்வாறு தொழுவதைப் பார்த்தவர்கள். உடனே இவர்களும் அந்தக் கூட்டமே என்று ஊரில் பேச்சு எழுந்தது. நேரில் வந்தும் கேட்டார்கள். நாங்கள் மாலிக் இமாமின் மத்ஹபு என்று பதில் சொல்லியும் அவர்களுக்குத் திருப்தி உண்டாகவில்லை.

அப்போது சுல்தானின் பிரதிநிதி ஒரு காரியம் செய்தார். உயிருள்ள முயல் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பி, அதை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவரத் தம் வேலைக்காரனையும் அனுப்பினார். முயல் கறி நான்கு மத்ஹபுகளிலும் ஹலால். ஷியா சட்டத்தில் கூடாது. இவர்கள் அறுத்து, சமைத்து, சாப்பிட்டார்கள். வேலைக்காரன் போய்ச் சொன்னான். சந்தேகம் தீர்ந்தது; விருந்துகள் வந்தன.

இந்த நிகழ்ச்சியை நாம் சிரித்துவிட்டுக் கடந்து போகலாகாது. ஸனூப்வாசிகள் தீயவர்கள் அல்லர், தொழுகையின்மீது பற்றுள்ளவர்கள். அவர்கள் கண்டதும் பொய்யில்லை. கைகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. கண்டதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தங்களுக்குத் தெரிந்த ஒரே காரணத்தைப் பொருத்தினார்களே, அங்கேதான் பிழை நேர்ந்தது. ஒரு சிறு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். கை கட்டுவது பற்றிய ஹதீஸ் மாலிக் இமாமின் முவத்தாவிலேயே இருக்கிறது. ஆயினும் அவர்களின் மாணவர் இப்னுல் காஸிம் (ரஹ்) வழியாக வந்த அறிவிப்பைக் கொண்டு, ஃபர்ளில் தொங்கவிடுவதே அந்த மத்ஹபில் பிரபலமாயிற்று. கட்ட வேண்டும் என்று சொல்லும் மாலிகி உலமாக்களும் இருக்கிறார்கள். ஹனஃபிகள் தொப்புளுக்குக் கீழும், ஷாஃபிஈகளாகிய நாம் நெஞ்சுக்குக் கீழே தொப்புளுக்கு மேலும் கட்டுகிறோம். எந்த மத்ஹபிலும் இதனால் தொழுகை கூடாமல் போவதில்லை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் இதை வைத்து எத்தனை முகங்கள் திரும்பிக் கொள்கின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அங்கிருந்து வடக்கே மங்கோலிய அரசர் உஸ்பெக் கானின் தேசத்துக்குப் போனார்கள். அங்கே பெண்களுக்கு ஆண்கள் கொடுக்கும் மரியாதையைக் கண்டு திகைத்தார்கள். மனைவி முன்னே வர, பின்னே எளிய உடையில் வரும் கணவரைப் பார்ப்பவர் வேலைக்காரன் என்றே எண்ணிவிடுவார்களாம். பிறகு மத்திய ஆசியா வழியாக 1333 செப்டம்பரில் சிந்து நதியை அடைந்து, டில்லி வந்து சேர்ந்தார்கள். சுல்தான் அவர்களை ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளத்தில் டில்லிக்குக் காழியாக்கினார். தாம் மாலிகி, ஊராரோ ஹனஃபிகள், தமக்கு அவர்கள் மொழியும் தெரியாது என்று அவர்கள் தயங்கிச் சொன்னார்கள். உள்ளூர் ஆலிம்கள் இருவரைத் துணையாகக் கொடுத்து, அவர்களுடன் ஆலோசித்துக் கையொப்பமிட்டால் போதும் என்று சுல்தான் ஏற்பாடு செய்தார். அந்தத் தயக்கம் அவர்களுக்கு அழகாக இருந்தது. அதே தயக்கம் பத்தாண்டுகள் கழித்து மாலத்தீவில் இருந்ததா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1342-ல் சீன அரசருக்குத் தூதுவராக அனுப்பப்பட்டுத் தெற்கே வந்தபோது, ஷாஃபிஈகள் வாழும் மேற்குக் கரையை முதன்முறையாகக் கண்டார்கள். ஹினாவர் (ஹொன்னாவர்) நகரில் பெண் பிள்ளைகள் ஓதுவதற்கு 13 மதரஸாக்களும், ஆண் பிள்ளைகளுக்கு 23 மதரஸாக்களும் இருந்தன. இப்படி வேறெங்கும் நான் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அங்குள்ள பெண்கள் குர்ஆனை மனனம் செய்தவர்கள். அவர்கள் உடுத்தியதோ தையலில்லாத ஒரே நீளத் துணி. ஒரு முனையை இடுப்பில் சுற்றி, மறு முனையால் மார்பையும் தலையையும் மூடிக்கொள்வார்கள். சேலை என்பதை நம் வாசக சகோதரிகள் உடனே தெரிந்து கொள்வார்கள். மேற்கிலிருந்து வந்த அந்த ஃபகீஹ் தையலில்லையே என்று குறை சொல்லவில்லை. அவர்களின் ஒழுக்கத்தைப் புகழ்ந்தார்கள். மலையாளக் கரைச் சாலைகளைப் போலப் பத்திரமான சாலைகளைக் கண்டதில்லை என்றும் சொன்னார்கள். அங்கே வழியோரக் கிணறுகளில் முஸ்லிம்களுக்குப் பாத்திரத்தில் தண்ணீர் தரமாட்டார்கள், கையில் ஊற்றுவார்கள். அதையும் கோபமில்லாமல் குறித்து வைத்திருக்கிறார்கள்.

கோழிக்கோட்டுத் துறைமுகத்தில் புயலில் தூதுக் கப்பல் உடைந்தது. டில்லிக்குத் திரும்பிப் போகப் பயந்து, சில காலம் அலைந்து, மாலத்தீவுக்குப் போனார்கள்.

மாலத்தீவு மக்கள் முஸ்லிம்கள், சாதுக்கள், நாளுக்கு இரண்டு முறை குளிக்கும் சுத்தக்காரர்கள், மீனும் தேங்காயும் அவர்களின் உணவு. அப்போது அரியணையில் இருந்தவர் சுல்தானா கதீஜா என்னும் பெண்மணி. அங்கே இஸ்லாம் வந்த வரலாற்றை இப்னு பதூதா அவ்வூராரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களைப் போலவே மேற்கு நாட்டிலிருந்து வந்த அபுல் பரகாத் என்னும் ஹாஃபிழ், மாதந்தோறும் ஒரு கன்னிப் பெண்ணைப் பலி கேட்ட கடல் ஜின்னின் முன்னே, அந்தப் பெண்ணுக்குப் பதிலாகத் தாம் போய் உட்கார்ந்து இரவெல்லாம் குர்ஆன் ஓதினார். விடிந்தபோது அவர் உயிருடன் ஓதிக்கொண்டிருப்பதைக் கண்டு அரசர் இஸ்லாத்தை ஏற்றார் என்பது அந்த வரலாறு. அவர் மாலிகி; ஆகவே அந்தத் தீவினரும் அன்று மாலிகிகளாக இருந்தார்கள். உலகத்தின் மறுகோடியில் தம் மத்ஹபைக் கண்டபோது இப்னு பதூதாவுக்குத் தம் ஊருக்கே வந்துவிட்டது போலத் தோன்றியிருக்க வேண்டும்.

காழிப் பதவி கொடுத்தார்கள். இங்கே தயக்கம் இல்லை. ஜும்ஆவுக்கு வராதவர்களைப் பிடித்து அடித்து ஊரைச் சுற்றி அழைத்துப் போகச் செய்தார்கள். இமாம்களுக்கும் மோதினார்களுக்கும் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள், நல்ல காரியம். தலாக் விடப்பட்ட பெண் மறுமணம் ஆகும்வரை பழைய கணவன் வீட்டிலேயே இருக்கும் வழக்கம் அங்கே இருந்தது. இத்தா முடியும்வரை அவள் அந்த வீட்டில் இருப்பது சட்டம். முடிந்த பிறகு அவன் அவளுக்கு அந்நியன். எனவே இப்னு பதூதா தடுத்தது சரியே. ஆனால் சுமார் 25 ஆண்களைக் கசையால் அடித்து ஊர்வலம் விட்டுத் தடுத்தார்கள். ஒரு நாள் திருடன் ஒருவனின் கையை வெட்டத் தீர்ப்பளித்தபோது, சபையிலிருந்த உள்ளூரார் பலர் மயங்கி விழுந்தார்களாம்.

பெண்கள் இடுப்புக்கு மேல் மூடாமல் நடமாடும் வழக்கத்தை ஒழிக்க எவ்வளவோ முயன்றார்கள். முடியவில்லை. தம் நீதிமன்றத்துக்கு வழக்குடன் வரும் பெண் மூடிக்கொண்டு வர வேண்டும் என்பதை மட்டும் நடத்த முடிந்தது. அவ்ரத்தை மறைப்பது மார்க்கத்தின் கட்டளை. அதில் அவர்கள் பக்கமே நியாயம். அதை எந்த ஊர்ப் பழக்கமும் மாற்றிவிடாது. ஆனால் அந்த மக்களுக்கு இரவெல்லாம் ஓதிக் காட்டிய அபுல் பரகாத்துக்கும், ஒன்றரை ஆண்டுக்குள் கசையோடு நிறைவேற்றப் பார்த்த இந்தக் காழிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. அந்தத் தீவில் மனைவி கணவனோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். இப்னு பதூதா அங்கே சில திருமணங்கள் செய்துகொண்டு, மனைவியரைத் தம்முடன் சாப்பிட வைக்கப் படாதபாடு பட்டார்கள். சிலர் இணங்கினார்கள், சிலர் இணங்கவே இல்லை, அவர்கள் சாப்பிடுவதைக் கண்ணால் காணவும் முடியவில்லை என்கிறார்கள். இது மார்க்கச் சட்டமா? இல்லை, தன்ஜாவுக்கும் மாலத்தீவுக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். அவ்ரத்தையும் சாப்பாட்டுத் தட்டையும் ஒரே மனதோடு திருத்தப் புறப்பட்டார்கள். எது ஷரீஅத், எது ஊர் என்று பிரித்துப் பார்ப்பது ஃபகீஹுக்கே இவ்வளவு சிரமமாக இருந்தால் நம்மைப் போன்றவர்களின் கதி என்ன?

வஸீருடன் மனஸ்தாபம் முற்றி 1344-ல் மாலத்தீவை விட்டுப் புறப்பட்டு, புத்தளத்தில் கரையேறினார்கள். அங்கே இருந்த அரசர் ஆரிய சக்கரவர்த்தி முஸ்லிம் அல்லர். பாரசீகம் பேசத் தெரிந்தவர். முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேட்கும்படி சொன்னார். பாவா ஆதம் (அலை) அவர்களின் பாத மலையை ஸியாரத் செய்ய வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்றார்கள் இப்னு பதூதா. உடனே பல்லக்கும், வழிகாட்ட யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், தம் ஆட்கள் பத்துப் பேரும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினார். மாலிகி காழி ஒருவர் யோகிகளும் பிராமணர்களும் புடைசூழக் காடும் மலையும் கடந்து போன அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள்! இலங்கையின் முஸ்லிமல்லாத மக்கள் முஸ்லிம் ஃபகீர்களைத் தங்கள் வீடுகளில் தங்க வைத்து, உணவளித்து, தங்கள் மனைவி மக்களிடையே நம்பி இருக்கச் செய்கிறார்கள் என்று நன்றியோடு எழுதியிருக்கிறார்கள்.

அங்கிருந்து நம் தமிழ்க் கரைக்கு வந்தார்கள். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி அவர்களுக்கு ஷட்டகர் முறை. இருவரும் அக்காள் தங்கையை மணந்தவர்கள். இரத்த உறவுக்காரர் அல்லாவிட்டாலும் சம்பந்தி வகை, முஸ்லிம் அரசர், உபசாரமும் குறைவில்லை. ஆயினும் அந்த சுல்தான் சிறைப்பட்ட முஸ்லிமல்லாதவர்களைக் கழுவேற்றியதையும், பெண்களையும் பச்சிளம் குழந்தைகளையும் கொன்றதையும் கண்டபோது, இப்னு பதூதா அதை மூடி மறைக்கவில்லை. இத்தகைய கொடுமையை வேறெந்த அரசனும் செய்யக் கண்டதில்லை என்றும், அதனாலேயே அல்லாஹ் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதி வைத்தார்கள். புத்தளத்தில் முஸ்லிமல்லாத அரசரின் நன்மையையும், மதுரையில் முஸ்லிம் அரசனின் அநீதியையும் ஒரே பேனாவால் எழுதிய இந்த இடத்தில் அவர்களின் மதிப்பு என் உள்ளத்தில் மிகவும் உயர்ந்து நிற்கிறது.

சீனா போனார்கள். அங்கேதான் தோற்றார்கள் என்று சொல்ல வேண்டும். பிரயாணிக்குச் சீனாவைப் போலப் பாதுகாப்பான நாடு வேறில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். விடுதிகளில் தங்குவோர் பெயர்களை எழுதி வைத்து, அடுத்த ஊர்வரை பத்திரமாகக் கொண்டு சேர்ப்பார்கள். காகிதப் பணத்தை வைத்துக்கொண்டு எங்கும் போகலாம். இத்தனை இருந்தும் அந்நாடு தமக்குப் பிடிக்கவில்லை, வெளியே போனால் மார்க்கத்துக்கு மாறான காட்சிகள் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். அங்கே தற்செயலாக ஸப்தா (சியூட்டா) ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்து இருவரும் அழுதார்கள். தன்ஜாவிலிருந்து ஸப்தா அதிகத் தூரமில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அந்த மனிதரின் சகோதரரை ஸஹாரா பாலைவனத்து விளிம்பில் சந்தித்தார்கள் என்பது அல்லாஹ்வின் குத்ரத்.

1349-ல் மொரோக்கோ திரும்பினார்கள். தகப்பனார் பல ஆண்டுகளுக்கு முன்பே மரணித்துவிட்டதை வழியில் டமாஸ்கஸில் கேள்விப்பட்டிருந்தார்கள். அக்காலத்தில் உலகெங்கும் பரவிய கொள்ளை நோயில் தாயாரும் போய்விட்டிருந்தார்கள். ஸலாம் சொல்ல ஆளில்லை என்று தூனிஸில் அழுத வாலிபர், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, தம் சொந்த வீட்டு வாசலிலும் பெற்றோர் இல்லாமல் நின்றார்கள்.

கடைசிப் பெரும் பிரயாணம் 1352-ல், ஸஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்கு. அங்கே கறுப்பின மக்கள் ஆட்சி. முதல் ஊரான வலாத்தாவில் அதிகாரி தம்மிடம் நேராகப் பேசாமல் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசியது அவமதிப்பாகத் தோன்றியது. விருந்து என்று அழைத்துச் சுரைக்குடுவையில் தேனும் பாலும் கலந்த கம்பு மாவைக் கொடுத்தார்கள். இதற்காகவா அழைத்தார்கள் என்று கேட்டார்கள். தலைநகரில் அரசர் மன்ஸா சுலைமானின் அன்பளிப்பு வந்திருக்கிறது என்று எழுப்பியபோது பட்டாடையும் பொன்னும் எதிர்பார்த்து எழுந்தார்கள். வந்ததோ மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு குடுவைத் தயிர். சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் அந்த மக்களைக் குறைவாக எண்ணிய எண்ணமும் இருந்ததை மறைப்பதற்கில்லை. அவர்கள் காலத்து மேற்கு நாட்டாரிடம் அது பரவலாக இருந்த நோய். நம் காலத்தாரிடமும் தீர்ந்தபாடில்லை.

ஆனால் அங்கே மாதக்கணக்கில் தங்கினார்கள். நோயில் கிடந்தார்கள். அவ்வூர்க் காழி, கறுப்பினத்தவர், ஹஜ் செய்தவர், ஒரு பசுவை அன்பளித்து உபசரித்தார். மெல்ல மெல்லக் கண் திறந்தது. கடைசியில் அவர்கள் எழுதிய நன்மைகளின் பட்டியலைப் பாருங்கள். அந்நாட்டில் அநீதி மிகக் குறைவு. பிரயாணிக்குத் திருடன் பயமில்லை. அந்நியன் அங்கே மரணித்தால் அவனுடைய பொருளை எவரும் தொடுவதில்லை. உரியவர் வரும்வரை நம்பிக்கையானவரிடம் இருக்கும். ஜும்ஆவுக்கு முன்கூட்டிப் போகாதவனுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. ஆதலால் பிள்ளைகளிடம் முஸல்லாவைக் கொடுத்து முன்னால் அனுப்பி இடம் பிடிப்பார்கள். ஒரே ஒரு கிழிந்த சட்டை உள்ளவனும் அதைத் துவைத்து வெள்ளையாக அணிந்தே ஜும்ஆவுக்கு வருவான். குர்ஆனை மனனம் செய்யச் சோம்பும் பிள்ளையின் காலில் விலங்கு போட்டு வைப்பார்கள். பெண்களின் உடை பற்றியும் வேறு சில வழக்கங்கள் பற்றியும் கண்டனமும் எழுதினார்கள். ஆனால் மாலத்தீவில் ஜும்ஆவுக்காகக் கசை எடுத்தவர், கசையில்லாமலே பள்ளி நிரம்பி வழிந்த ஊரைத் தாம் குறைவாக எண்ணிய மக்களிடம்தான் கண்டார்கள்.

மொரோக்கோ அரசர் அபூ இனான் கட்டளைப்படி, இப்னு ஜுஸய் என்னும் அறிஞரிடம் நினைவிலிருந்து சொல்லி எழுதவைத்த பிரயாண நூல் 1355 டிசம்பரில் முடிந்தது. முப்பது ஆண்டுகள், 70,000 மைலுக்கு மேல் என்று பிற்காலத்தார் கணக்கிட்ட பிரயாணம். ஃபாஸ் நகரில் அதைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொய் என்றார்கள்! டில்லி சுல்தானின் செல்வத்தைப் பற்றிச் சொன்னதை யாரும் நம்பவில்லை. அப்போது வாலிபராக அரசவையில் இருந்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களுக்கும் சந்தேகம்தான். தம் சந்தேகத்தை வஸீர் ஃபாரிஸ் என்பவரிடம் சொன்னபோது, அவர் ஒரு கதை சொல்லி எச்சரித்தார் என்று தம் முகத்திமாவில் எழுதுகிறார்கள். ஒரு மந்திரியை அரசர் சிறையில் அடைத்தார். அவருடைய சிறு மகன் சிறைக்குள்ளேயே வளர்ந்தான். சாப்பிடும் இறைச்சி எதனுடையது என்று கேட்டான். ஆட்டினுடையது என்று சொல்லி, ஆடு எப்படியிருக்கும் என்பதைத் தகப்பன் விவரித்தார். அது எலி மாதிரியா என்று கேட்டான் பையன். மாட்டைச் சொன்னார், ஒட்டகத்தைச் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் எலி மாதிரியா என்றே கேட்டான். சிறையில் அவன் கண்ட ஒரே பிராணி எலிதான்.

இப்னு பதூதா அதன் பிறகு பிரயாணம் போகவில்லை. மொரோக்கோவில் ஓர் ஊருக்குக் காழியாகப் போய், அங்கேயே வயோதிகத்தைக் கழித்து மரணித்தார்கள். அந்த ஊரில் கைகளைத் தொங்கவிட்டுத் தொழுவதுதான் வழக்கம். முயல் அனுப்பிப் பார்க்கும் தேவை யாருக்கும் வந்திருக்காது.